முதலில் தரை, அப்புறம் குதிரை

பிரிட்டன், அயர்லாந்தில் குதிரைகள் தடைகளைத் தாண்டி ஓடும் ஜம்ப் ரேஸ் பற்றியும், அதில் காசு போடுவது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். அதற்கு முன் ஒரு சின்ன ஏற்பாடு. அங்கே குதிரை சுமக்கும் எடையும் பவுண்டு, கையில் இருக்கும் காசும் பவுண்டு. குழப்பம் வேண்டாம் என்பதால் எடையை ராத்தல் என்றும், காசை மட்டும் பவுண்டு என்றும் எழுதுகிறோம். 14 ராத்தல் ஒரு ஸ்டோன். ஓடும் குதிரைகளின் பட்டியலான ரேஸ் கார்டில் 11-5 என்று இருந்தால் 11 ஸ்டோன் 5 ராத்தல்.

கே: சனிக்கிழமை ஒரே மைதானத்தில் ஏழு பந்தயங்கள். ரேஸ் கார்டைப் பிரித்தால் எழுபது எண்பது பெயர்கள் கண்ணைக் கட்டுகின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ப: பெயரிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். முதலில் தரை அறிக்கை, அதாவது தரை எவ்வளவு ஈரம் என்பது. அதைக் கார்டின் மேலேயே பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வேலை, எந்தப் பந்தயங்களைத் தொடவே போவதில்லை என்று முடிவு செய்வது.

கடைசிப் பந்தயம் பெரும்பாலும் 'பம்பர்' ஆக இருக்கும். தடையே இல்லாமல் ஓடும் இளம் குதிரைகள். பாதிக்குமேல் இதுவரை ஓடியதே இருக்காது. படிக்க எதுவும் இல்லாத இடத்தில் படிப்பாளிக்கு என்ன வேலை? விட்டுவிடுங்கள். தாழ்வான தடைகளைத் தாண்டப் புதிதாக வந்த குதிரைகளின் நாவிஸ் ஹர்டிலில் பெரிய லாயத்துக் குதிரை ஒன்று 1/3 விலையில் நிற்கும். அது ஜெயிக்கலாம், ஆனால் 3 பவுண்டு வைத்து 1 பவுண்டு லாபம் பார்க்க ஒரு காலைப்பொழுதைச் செலவழிக்க வேண்டியதில்லை. திறமைக்கேற்ப எடை ஏற்றி, இருபது குதிரை ஓடும் ஹேண்டிகேப் ஹர்டிலையும் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம்.

மிஞ்சுவது ஆறு முதல் பன்னிரண்டு குதிரைகள் உயரமான தடைகளைத் தாண்டி ஓடும் ஹேண்டிகேப் சேஸ். உழைப்புக்குக் கூலி அங்கேதான். எட்டு, ஒன்பது வயதுக் குதிரைகள். ஒவ்வொன்றும் இருபது முப்பது முறை ஓடியிருக்கும். எந்தத் தரை பிடிக்கும், எத்தனை மைல் தாங்கும், எந்தப் பக்கம் சாய்ந்து தாண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது.

அப்படி இரண்டு மூன்று பந்தயங்களைப் பொறுக்கிய பிறகு, ஜெயிக்கும் குதிரையைத் தேடாதீர்கள், ஜெயிக்காததைக் கார்டிலிருந்து அடியுங்கள். இன்றைய தரையில் ஐந்து முறை ஓடி ஒன்றும் கிழிக்காததை அடியுங்கள். தூரம் தாங்காததை அடியுங்கள். இதே மைதானத்தில் இரண்டு முறை தடுமாறியதை அடியுங்கள். பத்தில் மூன்றோ நான்கோ மிஞ்சும். அவற்றுக்கு மட்டும் பழைய ஓட்டங்களின் வீடியோவைப் பாருங்கள், எடைக் கணக்குப் போடுங்கள். விலையைப் பார்ப்பது கடைசியில்தான். முதலிலேயே பார்த்துவிட்டால், ஆகக் குறைந்த விலையில் நிற்கும் ஃபேவரிட் ஜெயிப்பதற்கான காரணங்களை மனசு தானாகத் தேட ஆரம்பித்துவிடும்.

கே: 'குட் டு சாஃப்ட்' என்று அறிவித்தார்கள். முதல் பந்தயம் முடிந்து இறங்கிய ஜாக்கி 'ஒரே சேறு' என்கிறார். யாரை நம்ப?

ப: கடிகாரத்தை.

முதலில் சொற்கள். காய்ந்ததிலிருந்து ஈரம் வரை: ஃபர்ம், குட் டு ஃபர்ம், குட், குட் டு சாஃப்ட், சாஃப்ட், ஹெவி. அயர்லாந்தில் குட்டுக்கும் சாஃப்ட்டுக்கும் நடுவே 'யீல்டிங்' என்பார்கள். இதை அறிவிப்பவர் மைதான அதிகாரியான கிளார்க் ஆஃப் த கோர்ஸ். பிரிட்டனில் கோயிங்ஸ்டிக் என்ற கருவியைத் தரையில் குத்திச் சாய்த்துப் பார்த்து ஓர் எண்ணும் தருவார்கள். எண் குறைந்தால் தரை இளகியிருக்கிறது என்று பொருள். இந்த எண்ணை அதே மைதானத்தின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு மைதானத்து 6 வேறு மைதானத்து 6 ஆகாது. மண் வேறு, புல் வேறு.

ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு நிலையான நேரம் உண்டு. முதல் பந்தயம் 2 மைல் ஹர்டில் என்றால், நிலையான நேரத்தைவிட ஐந்தாறு விநாடி அதிகமானால் அறிவிப்பு சரி. பதினைந்து இருபது விநாடி அதிகமானால் அது சாஃப்ட் அல்லது ஹெவி. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஒரு எச்சரிக்கை: யாரும் முன்னால் போக விரும்பாமல் முதல் ஒரு மைலை நடைபோல் ஓடியிருந்தாலும் நேரம் கூடும். அதனால் இரண்டாவது பந்தயத்தின் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பலர் கோட்டைவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஈரத்தில் இரண்டு வகை. மழை இப்போதுதான் பெய்து தண்ணீர் நின்றால், குளம்பு உள்ளே போய்ச் சுலபமாக வெளியே வந்துவிடும். சாதாரணக் குதிரையும் சமாளிக்கும். மழை நின்று இரண்டு நாள் காற்றடித்துப் பாதி காய்ந்த மண் பசைபோலப் பிடிக்கும். ஒவ்வொரு காலையும் பிடுங்கி எடுக்க வேண்டும். கார்டில் இரண்டுக்கும் 'சாஃப்ட்' என்றே இருக்கலாம். ஆனால் இரண்டாவதில் மூச்சுள்ள குதிரைதான் பிழைக்கும். ஆகவே அறிவிப்போடு கடைசி மூன்று நாள் மழையையும் காற்றையும் பாருங்கள்.

குதிரையின் நடையும் சொல்லும். முழங்காலை உயர்த்தி ஓங்கி மிதிப்பது ஈரத்துக்கு ஆகும். புல்லை உரசுவதுபோல் தாழ்வாக ஓடுவதற்குக் காய்ந்த தரை வேண்டும். ஏப்ரல் வெயிலில் ஜெயித்ததை நம்பி ஜனவரிச் சேற்றில் காசை இறக்குவது, மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதை.

கே: '3/21-PB1' என்று பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறதே, இது என்ன மந்திரம்?

ப: இடமிருந்து வலமாகப் பழையது முதல் புதியது வரை. சாய்கோடு என்றால் நடுவே ஒரு சீசன் ஓடவில்லை, பெரும்பாலும் காயம். சிறுகோடு சீசன்களைப் பிரிக்கிறது. ஆக இந்தக் குதிரை ஒரு முறை மூன்றாவது வந்தது, ஒரு சீசன் காணாமல் போனது, திரும்பி வந்து இரண்டாவது, முதலாவது. இந்த சீசனில் முதலில் P: ஜாக்கியே நிறுத்திவிட்டார். பிறகு B: முன்னால் விழுந்த குதிரை தட்டி இதுவும் விழுந்தது. கடைசியாக வெற்றி.

F குதிரை விழுந்தது. U குதிரை நின்றது, ஜாக்கி விழுந்தார். R தாண்ட மறுத்தது. இவற்றில் B-யை மறந்துவிடுங்கள், குதிரைமேல் குற்றமில்லை. P-க்கு மட்டும் காரணம் தேடுங்கள்: தரையா, மூச்சுத் திணறலா, தூரமா? ஒரு P-யை மன்னிக்கலாம். தொடர்ந்து இரண்டு வந்தால், தரையோ தூரமோ மாறியிருந்தால் ஒழிய, அடியுங்கள்.

C இதே மைதானத்தில் வென்றது. D இதே தூரத்தில். CD இரண்டும் ஒன்றாக. BF ஃபேவரிட்டாக ஓடித் தோற்றது. பெயருக்கு அருகே உள்ள சின்ன எண் கடைசியாக ஓடி எத்தனை நாள் ஆயிற்று என்பது.

கே: ஹர்டிலில் தொடர்ந்து ஜெயித்த குதிரை சேஸுக்கு மாறியதும் தடவுகிறதே, ஏன்?

ப: இரண்டும் வேறு வேறு வேலை. ஹர்டில் குறைந்தது 3 அடி 6 அங்குல உயரம், இடித்தால் சாயும். வேகமான குதிரை அதை ஒரு நீண்ட எட்டுபோல உரசிக்கொண்டே போய்விடலாம். சேஸில் வரும் ஃபென்ஸ் குறைந்தது 4 அடி 6 அங்குலம், பர்ச் குச்சிகளை இறுக்கிக் கட்டியது. உரசினால் அது சாயாது, குதிரைதான் சாயும். ஹர்டிலில் பழகிய சோம்பல் சேஸில் மூன்றாவது ஃபென்ஸிலேயே வெளிப்பட்டுவிடும்.

வீடியோ பார்க்கும்போது முடிவைப் பார்க்காதீர்கள், அது ஏற்கெனவே தெரியும். ஒவ்வொரு ஃபென்ஸிலும் பக்கத்துக் குதிரையோடு ஒப்பிட்டு, தாண்டிய பிறகு முன்னேறியதா பின்தங்கியதா என்று எண்ணுங்கள். தூரத்திலேயே எழும்பும் குதிரைக்கு வேகம் கிடைக்கும்; ஆனால் களைத்த பிறகும் அப்படியே எழும்பினால் ஃபென்ஸின் நடுவில் இறங்கும். நெருங்கிவந்து கால்களைச் சுருக்கித் தாண்டத் தெரிந்ததுதான் மூன்று மைலுக்கு நம்பகமானது. கடைசி மூன்று ஃபென்ஸை இரண்டு முறை பாருங்கள். உடம்பு தளரும்போதுதான் உண்மையான தாண்டல் தெரியும்.

விழுந்த இடமும் முக்கியம். தொடக்கத்தில் விழுந்தால் அனுபவக் குறைவு அல்லது அவசரம். கடைசிக்கு முந்தையதில் களைத்து விழுந்தால் தூரமோ போட்டியின் தரமோ அதிகம். முன்னணியில் தெம்பாக வரும்போது விழுந்ததென்றால் அந்த ஓட்டத்தைக் கழிக்காதீர்கள். அடுத்த முறை விலை கொஞ்சம் நன்றாகவே கிடைக்கும். ஆனால் விழுந்த பிறகு இன்னும் ஓடாத குதிரை, முதல் சில ஃபென்ஸ்களில் தயங்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எவ்வளவு கெட்டிக்காரக் குதிரைக்கும் இது நேரும். 2025 சாம்பியன் ஹர்டிலில் கான்ஸ்டிடியூஷன் ஹில் பாதியில் விழுந்தது. முன்னால் வந்த ஸ்டேட் மேன் கடைசி ஹர்டிலில் விழுந்தது. 25/1 விலையில் இருந்த கோல்டன் ஏஸ் ஜெயித்தது. ஹர்டிலிலேயே இந்தக் கதி.

கே: செல்டன்ஹாமில் ஜெயித்தால் எங்கும் ஜெயிக்கும் என்கிறார்கள். சரியா?

ப: பாதி சரி. செல்டன்ஹாம் இடப்பக்கச் சுற்று, மேடும் பள்ளமும், கடைசியில் மூச்சைப் பிடுங்கும் ஏற்றம். மார்ச் திருவிழாவின் முதல் இரண்டு நாள் ஓல்ட் கோர்ஸ், அடுத்த இரண்டு நாள் நியூ கோர்ஸ். ஓல்ட் கோர்ஸில் திருப்பங்கள் நெருக்கம்; முன்னால் இடம் பிடித்தவருக்கு லாபம். நியூ கோர்ஸில் தெம்பு அதிகம் வேண்டும். ஹர்டில் பந்தயங்களில் பின்பகுதியில் தடைகள் அரிதாக வருவதால், தாண்டலில் சுமாரான ஆனால் மூச்சுள்ள குதிரைகள் எட்டிப் பிடித்துவிடும். 'செல்டன்ஹாமில் வென்றது' என்று மட்டும் எழுதாமல் எந்தப் பாதையில் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

கெம்ப்டன் நேர் எதிர். வலப்பக்கம், சமதளம். டிசம்பர் 26-இல் 3 மைல் கிங் ஜார்ஜ் ஆறாம் சேஸ் அங்கேதான். வேகமாகத் தாண்டி மூச்சு வாங்க நேரம் கொடுக்காத குதிரைக்கு ஏற்ற இடம். கௌடோ ஸ்டார் அதை ஐந்து முறை வென்று, செல்டன்ஹாம் கோல்ட் கப்பையும் 2007, 2009-இல் வென்றது. இரண்டு இடத்திலும் அரசன் என்பது அபூர்வம். சாண்டவுனில் ரயில் பாதையை ஒட்டி மூன்று ஃபென்ஸ்கள் நெருக்கி நெருக்கி வரும். முதலாவதில் கால் தப்பினால் மூன்றிலும் தாளம் கெடும். தாண்டல் சந்தேகமான குதிரையை அங்கே நம்பவே வேண்டாம்.

சுற்றும் திசையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வலப்பக்கம் சாய்ந்து தாண்டும் குதிரை இடப்பக்கச் சுற்றில் ஒவ்வொரு ஃபென்ஸிலும் வெளியே போய்த் திரும்பி வரும். ஒரு தடவைக்கு அரை லெங்த் (ஒரு குதிரையின் நீளம் ஒரு லெங்த்) இழந்தாலும் 18 ஃபென்ஸில் 9 லெங்த் போச்சு. டெசர்ட் ஆர்க்கிட் வலப்பக்கச் சுற்றில் புலி. கிங் ஜார்ஜ் நான்கு முறை அதன் கையில். 1989 கோல்ட் கப் அன்று பிடிக்காத திசை, சேறான தரை, எதிரே சேற்றில் வல்ல யாஹூ. எல்லா விதிப்படியும் தோற்றிருக்க வேண்டும்; ஜெயித்தது. விதி தவறு என்பதல்ல. அப்படி ஒரு குதிரை தலைமுறைக்கு ஒன்று.

கே: ஹேண்டிகேப்பில் எடைக் கணக்கு எப்படிப் போடுவது? ஒரு உதாரணம் தாருங்கள்.

ப: ஹேண்டிகேப்பில் ஒவ்வொரு குதிரைக்கும் அதிகாரிகள் ஒரு மதிப்பெண் தருவார்கள், ஒரு மதிப்பெண் ஒரு ராத்தல். 130 பெற்றது 120 பெற்றதைவிட 10 ராத்தல் கூடுதலாகச் சுமக்கும். 3 மைல் தூரத்தில் ஒரு லெங்த் என்பது சுமார் ஒரு ராத்தல் என்பது பொதுவான அளவு. தூரம் குறையக் குறைய ஒரு லெங்த்தின் மதிப்பு கூடும்.

சிவப்பு, நீலம் என்று இரண்டு குதிரைகள். போன முறை 3 மைலில் சிவப்பு 11-5 சுமந்து, 11-0 சுமந்த நீலத்தை 4 லெங்த்தில் வென்றது. 5 ராத்தல் கூடுதலாகச் சுமந்தும் 4 லெங்த் முன்னால் என்றால், அன்று சிவப்பு 9 ராத்தல் உயர்ந்த குதிரை. இன்று சிவப்பு 11-12, நீலம் 10-12. வித்தியாசம் 14 ராத்தல். 14-இல் 9 போனால் 5. காகிதத்தில் இன்று நீலம் 5 லெங்த் முன்னால் வர வேண்டும். நீலத்தின் மேல் 5 ராத்தல் எடைச் சலுகை பெற்ற இளம் ஜாக்கி ஏறினால் இன்னும் 5.

காகிதம் எங்கே பொய் சொல்லும்? போன முறை சிவப்பின் ஜாக்கி கடைசி ஏற்றத்தில் கைகளை அசைக்காமலே வந்தாரா என்று பாருங்கள். வந்திருந்தால் அது 4 லெங்த் அல்ல, 10 லெங்த்கூட இருக்கலாம். நீலம் கடைசி ஃபென்ஸில் இடித்து 3 லெங்த் இழந்திருந்தால் கணக்கு அந்தப் பக்கம் சாயும். எடைக் கணக்கைவிட இந்தத் திருத்தம்தான் முக்கியம். ஏனென்றால் கூட்டல் கழித்தல் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று. பிரிட்டனில் புதிய மதிப்பெண்கள் செவ்வாய்க்கிழமை வெளியாகும். அதற்கு முன்பே மறுபடி ஓட வரும் வெற்றிக் குதிரைக்குக் குறிப்பிட்ட அபராத எடைதான். வெற்றி பெரிதாக இருந்து, அபராதம் வரப்போகும் உயர்வைவிடக் குறைவாக இருந்தால் அந்த ட்ரெய்னர் அவசரப்பட்டது உங்களுக்கு லாபம்.

கே: இளம் ஜாக்கிக்கு எடைச் சலுகை உண்மையில் பலனா?

ப: பிரிட்டனில் ஜாக்கியின் 20 வெற்றி வரை குதிரை 7 ராத்தல் குறைவாகச் சுமக்கலாம், 40 வரை 5, 75 வரை 3. எழுபதை நெருங்கிய ஜாக்கி கிட்டத்தட்ட முழு ஜாக்கி; அவருக்கு 3 ராத்தல் கிடைப்பது லாபமே. ஆனால் 7 ராத்தல் சலுகைக்காரரை முரட்டுத்தனமாகத் தாண்டும் குதிரைமேல் ஏற்றினால் கிடைத்ததைவிடப் போனது அதிகம். கிராண்ட் நேஷனல் போன்ற பெரிய பந்தயங்களில் சலுகையே கிடையாது.

கே: ஒரே ட்ரெய்னரின் நான்கு குதிரைகள் ஓடினால், முதல் ஜாக்கி ஏறுவதைப் பிடித்தால் போதும்தானே?

ப: ஒரு துப்பு, அவ்வளவுதான். வில்லி முல்லின்ஸ் லாயத்தில் இது வாராவாரம் வரும் தலைவலி. 2025 கிராண்ட் நேஷனலில் முதல் ஜாக்கி பால் டவுனெண்ட் ஏறியது முந்தைய ஆண்டு வெற்றியாளர் ஐ ஆம் மேக்ஸிமஸ். அது இரண்டாவது வந்தது. ஜெயித்தது அதே லாயத்தின் நிக் ராக்கெட், 33/1. ஓட்டியவர் ட்ரெய்னரின் மகன், தொழில்முறை அல்லாத ஜாக்கி பேட்ரிக் முல்லின்ஸ். ஜாக்கி தேர்ந்தெடுத்தது நல்ல குதிரையைத்தான், விலைதான் வேறு. முதல் ஜாக்கி விட்ட குதிரைக்கு விலை கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும். தரையும் தூரமும் அதற்குப் பொருந்தினால் அதை விடாதீர்கள்.

கே: கார்டில் சின்ன எழுத்துகள்: b, p, h, t, w. பயன் உண்டா?

ப: b பக்கப்பார்வை மறைக்கும் பிளிங்கர்ஸ், p கன்னத்தில் கட்டும் சீக்பீசஸ், h காதை மூடும் ஹூட், t நாக்கைக் கட்டுவது. பக்கத்தில் 1 இருந்தால் முதல் தடவை. சோம்பேறிக்குப் பிளிங்கர்ஸ் முதல் தடவை நன்றாக வேலை செய்யும். மூன்றாம் தடவைக்குள் பழகிவிடும். w மூச்சுக்குழாய் அறுவைக்குப் பிறகு ஓடுகிறது என்பது. பிரிட்டனில் 2018 முதல் இதை அறிவிக்க வேண்டும். முன்பு கடைசி இரண்டு ஃபர்லாங்கில் (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்) திடீரென்று நின்றுபோன குதிரைக்கு இது வந்தால் கவனியுங்கள். மற்றபடி வெறும் எழுத்து.

கே: முன்னால் ஓடும் குதிரைக்கு அனுகூலம் உண்டா?

ப: தனியாக ஓடவிட்டால் உண்டு. மிஞ்சிய குதிரைகளின் கடைசி நான்கு ஓட்டங்களைப் பார்த்து, ஒவ்வொன்றும் முன்னணியா, நடுவா, கடைசியா என்று ஓரத்தில் எழுதுங்கள். முன்னணி விரும்பும் குதிரை ஒன்றே ஒன்று என்றால், அது ஃபென்ஸைத் தெளிவாகப் பார்த்துத் தன் தாளத்தில் தாண்டி, விருப்பப்பட்ட வேகத்தில் போகும். இரண்டு மூன்று இருந்தால் ஒன்றையொன்று எரித்துவிடும். அப்போது பின்னால் பொறுத்திருப்பதைத் தேடுங்கள். எட்டுக்குக் குறைவான குதிரைகள் ஓடும் சேஸில் எடைக் கணக்கைவிட இந்தக் கணக்கு பல முறை பலிக்கும்.

கே: குதிரையைப் பிடித்துவிட்டேன். 4/1 நல்ல விலையா, கெட்ட விலையா? ஈச்-வே போடலாமா?

ப: 4/1 என்றால் ஐந்து முறை ஓடினால் ஒரு முறை வெல்லும் என்கிற விலை, அதாவது 20 சதம். உங்கள் கணிப்பில் நான்குக்கு ஒன்று என்றால் வாங்கலாம்; ஏழுக்கு ஒன்று என்றால் பிடித்த குதிரையாக இருந்தாலும் வேண்டாம். காசு வாங்கி விலை தரும் புக்கியின் பங்கையும் பாருங்கள். ஆறு குதிரைகளின் விலை 2/1, 3/1, 4/1, 6/1, 10/1, 12/1 என்றால் சதங்கள் 33.3, 25, 20, 14.3, 9.1, 7.7. கூட்டினால் 109.4. நூறுக்கு மேலே உள்ள 9.4 புக்கியின் கல்லாப்பெட்டி. 120-ஐத் தாண்டினால் அந்தப் பந்தயத்தில் விலையே சரியில்லை.

ஈச்-வே என்பது ஒரே குதிரைமேல் இரண்டு முறை காசு போடுவது: ஒன்று வெற்றிக்கு, ஒன்று முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு. 5 பவுண்டு ஈச்-வே என்றால் கையிலிருந்து போவது 10. வழக்கமான ஏற்பாட்டில் 5 முதல் 7 குதிரை என்றால் இரண்டு இடம், விலையில் கால் பங்கு. 8 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று இடம், ஐந்தில் ஒரு பங்கு. 16 அல்லது அதற்கு மேல் ஓடும் ஹேண்டிகேப்பில் நான்கு இடம், கால் பங்கு.

அந்தப் பெரிய ஹேண்டிகேப்பில் 10/1 குதிரை மூன்றாவது வந்தால், இடத்துக்குப் போட்ட 5 பவுண்டு 17.50 ஆகத் திரும்பும். வெற்றிக்குப் போட்ட 5 போனாலும் 7.50 லாபம். அதே ஈச்-வேயை எட்டுக் குதிரைப் பந்தயத்தில் 2/1 குதிரைமேல் போட்டு அது மூன்றாவது வந்தால், 10 போட்டு 7 வரும். 'இடம் கிடைத்துவிட்டது' என்று குதித்தபடியே 3 பவுண்டு இழப்பு. குறைந்த விலைக் குதிரைக்கு ஈச்-வே வேண்டாம்.

எட்டே எட்டுக் குதிரை ஓடும் பந்தயத்தில் காலையிலேயே ஈச்-வே போட்டு வைக்காதீர்கள். ஒன்று விலகினால் ஏழு; மூன்றாவது இடம் காணாமல் போகும். விலகியது முக்கியமான குதிரையாக இருந்தால் 'ரூல் 4' கழிவும் உண்டு. நீங்கள் போட்ட பிறகு 2/1 குதிரை விலகினால் லாபத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 30 பென்ஸ் பிடிப்பார்கள். 50 பவுண்டு லாபம் 35 ஆகும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது இதுதான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று காசை முன்பே தனியாக எடுத்து வைத்து, அது தீர்ந்தால் மீதிப் பந்தயங்களை வேடிக்கை பாருங்கள்.

கே: நான்கு ஃபேவரிட்களைக் கோத்து அக்யுமுலேட்டர் போட்டால்?

ப: கோத்த எல்லாமே ஜெயித்தால்தான் காசு. 2015 செல்டன்ஹாம் முதல் நாள். முல்லின்ஸின் டூவான், அன் டி சோ, ஃபாகீன் மூன்றும் ஜெயித்தாயிற்று. நான்காவது ஆனி பவர், பெண் குதிரைகளுக்கான ஹர்டிலில் முன்னால் வந்து கடைசி ஹர்டிலில் விழுந்தது. கோத்தவர்களுக்கு மூன்று வெற்றிக்கும் சேர்த்துச் சுழி.

கே: கிராண்ட் நேஷனல் மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை போடுவேன். அதற்கு ஏதாவது வழி?

ப: லிவர்பூல் அருகே ஏன்ட்ரியில் 4 மைல் 2½ ஃபர்லாங், 30 ஃபென்ஸ்கள். 2024 முதல் அதிகபட்சம் 34 குதிரைகள் (முன்பு 40). குறைந்தபட்ச மதிப்பெண்ணும் 130 ஆயிற்று. வயது குறைந்தது 7. இந்த மாற்றங்களாலும் ஃபென்ஸ்களின் உள்கூடு மென்மையாக்கப்பட்டதாலும் இது முன்புபோல் யார் விழாமல் வருவார் என்ற பந்தயம் அல்ல; தரம் உள்ள குதிரைகளின் பந்தயம். 'பெரிய எடைக்காரரை விடு' என்ற பழைய வாய்பாடும் செல்லாது: மெனி கிளவுட்ஸ் 2015-இல் 11-9 சுமந்தும், ஐ ஆம் மேக்ஸிமஸ் 2024-இல் 11-6 சுமந்தும் வென்றன.

நீங்கள் பார்க்க வேண்டியது: 3 மைலுக்கு மேல் ஏற்கெனவே வென்றிருக்கிறதா, கடைசி ஃபென்ஸைத் தாண்டி 494 கஜம் ஓட வேண்டும், அதற்கு மூச்சு இருக்குமா, கூட்டத்துக்குள் தாண்டப் பழகியதா. செல்டன்ஹாமின் கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் நன்றாக ஓடியதையும் கவனியுங்கள். டைகர் ரோல் 2018, 2019 இரண்டு ஆண்டும் அதை வென்றுவிட்டு வந்துதான் நேஷனலையும் வென்றது. போடுவதை ஈச்-வே ஆகப் போடுங்கள். அன்றைக்கு வியாபாரப் போட்டியில் புக்கிகள் நான்குக்குப் பதில் ஐந்து, ஆறு இடம்கூடத் தருவார்கள். எத்தனை இடம் என்பதை விலைக்கு முன்பே பாருங்கள்.

1967-இல் ஒரு சின்ன ஃபென்ஸில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மோதி நிற்க, பின்னால் வந்த ஃபாய்னவன் 100/1 விலையில் ஜெயித்தது. அந்த ஃபென்ஸுக்கு அதன் பெயரே வைத்துவிட்டார்கள். அதைக் கணிக்க வழி எதுவும் கிடையாது, கேட்காதீர்கள்.

கே: பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றிவரச் செய்கிறார்களே, அங்கே என்ன பார்ப்பது?

ப: வயிறு. நீண்ட ஓய்வுக்குப் பிறகு வரும் குதிரையின் வயிறு தொங்கினால் இன்னும் ஓர் ஓட்டம் வேண்டும். தோல் பளபளப்பு, பின்தொடைத் தசையில் தெரியும் வரி நல்ல அறிகுறி. குளிர் நாளில் பின்னங்கால்களுக்கு நடுவே வெள்ளை நுரை தெரிந்தால் பதற்றம். ஆனால் அது எப்போதும் வியர்க்கும் குதிரையா என்று முன் ஓட்டத்தின் படத்தோடு ஒப்பிட்ட பிறகே அடியுங்கள். தலையைத் தாழ்த்தித் தளர்ந்து நடப்பதைத் தூக்கம் என்று எண்ணாதீர்கள்; சேஸர் அப்படி நடப்பதே நல்லது.

கே: பந்தயம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது 'தாழ்ந்த வெயில்' என்று சொல்லி சில ஃபென்ஸ்களை எடுத்துவிட்டார்கள். கணக்கு என்ன ஆகும்?

ப: குளிர்காலப் பிற்பகலில் சூரியன் நேராகக் கண்ணில் அடிப்பதால் நேர்ப்பாதையில் உள்ள தடைகளைச் சுற்றிப் போகச் சொல்வார்கள். கடைசித் தடைக்குப் பிறகு ஓட்டம் நீளும். நன்றாகத் தாண்டுவதாலேயே முன்னேறும் குதிரைக்கு நஷ்டம். தாண்டலில் மோசமாக இருந்தாலும் மூச்சில் சிறந்த குதிரைக்கு லாபம். தாண்டல் சரியில்லை என்று நீங்கள் காலையில் அடித்த பெயர்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். நேரம் போதவில்லையா, அந்தப் பந்தயத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.